பதினாறு முட்டைகள்

நாவல் எழுதுகிறவன் வதந்தியை வெறுக்க முடியாது. அவன் தொழிலுக்கு அதுதான் கைமுதல். ஆகவே, மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி உலவும் நம்பிக்கைகளைச் சோதித்துக் காட்டும் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் விரோத பாவம்தான் இருந்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஸ்வீடன் தேசத்து மார்க்கஸ் பெர்சன் 2009-ல் வெளியிட்டது இது. மண்ணும் மலையும் மரமும் கட்டி கட்டியாக ஆன ஓர் உலகம். கட்டிகளை வெட்டி எடுக்கலாம். அடுக்கி வீடு கட்டலாம். ஆரம்ப வருஷங்களில் விதிகளை விளக்கிச் சொல்ல விளையாட்டுக்குள் அநேகமாக ஒன்றுமே கிடையாது. விதி தெரியாத இடத்தில் ஐதிகம் முளைப்பது இயற்கைதானே?

நானே ஒன்றை உண்டாக்கினேன். கோழி முட்டையை எறிந்தால் சில சமயம் குஞ்சு வரும். முட்டைகள் பதினாறு பதினாறாகத்தான் சேரும். ஒரு நாள், விளையாட்டில் இருட்டியிருந்த நேரம், பதினாறையும் எறிந்தேன். ஒன்றும் வரவில்லை. விடிந்தபின் மறுபடி பதினாறு எறிந்தேன். மூன்று குஞ்சுகள்! இரவில் முட்டை பொரிக்காது என்று அந்தக் கணமே தீர்மானித்துவிட்டேன். யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன்.

உண்மை இதுதான். எட்டு முட்டைக்கு ஒன்று என்ற கணக்கில் குஞ்சு வரும். இரவுக்கும் பகலுக்கும் இதில் பேதம் கிடையாது. எட்டுக்கு ஒன்று என்றால் பதினாறுக்கு இரண்டு வந்தே தீரவேண்டும் என்று மனசு நினைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினாறும் வீணாவது நூற்றில் சுமார் 12 தடவை நடக்கும். நான் கண்டது அதிசயமே அல்ல. மேலும் மேலும் எறிந்துகொண்டே போனபோது என் சித்தாந்தம் தானாகக் கரைந்துபோயிற்று.

நான் பார்த்த வீடியோக்களில் பலவற்றின் மேல் எனக்குள்ள குறையும் இதுவே. பத்து நிமிஷத்தில் பத்து நம்பிக்கைகள். ஒவ்வொன்றையும் ஒரே தடவை செய்து பார்த்துவிட்டு, "பொய்!" என்று ஒரு கூச்சல். ஒரு தடவை பார்த்து நம்பினவனுக்கும் ஒரு தடவை பார்த்து மறுத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் ஒரே ஜாதி.

நல்ல பரீட்சை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் சோதிக்கிறோம் என்று முதலில் சொல்கிறார்கள். இந்த விளையாட்டு ஜாவா, பெட்ராக் என்று இரண்டு வகை. ஒன்றில் மெய்யாக இருப்பது மற்றதில் பொய்யாகலாம். ஒரே பதிப்பில் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் அதே மலை, அதே ஆறு திரும்ப வருகிறது. அதில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி என்ன ஆகிறதென்று பார்க்கலாம். வாழ்க்கையில் ஒரே காலைப்பொழுது இருமுறை கிடைத்ததுண்டா? எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

வைரத்தின் கதை இன்னும் ருசியானது. பதினோராவது மட்டத்தில் தோண்டு என்பது பழைய ஆட்டக்காரர்களின் வாக்கு. அதில் காரணம் இருந்தது. வைரம் கீழே பதினாறு மட்டங்களுக்குள்தான் கிடைத்தது. பத்திலும் அதற்குக் கீழும் குகைகளில் நெருப்புக் குழம்பு நின்றது. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு, பூஜ்யத்தில் இருந்த அடித்தளத்தை மைனஸ் 64-க்கு இறக்கிவிட்டது. இப்போது ஆழம் போகப் போகத்தான் வைரம் அதிகம். ஆனால் பதினொன்றிலும் கொஞ்சம் அகப்படுகிறது. பழைய வாக்கு சாகாமல் இருக்க அந்தக் கொஞ்சம் போதும். மூடநம்பிக்கை என்று நாம் தள்ளுவதில் எவ்வளவு பங்கு இப்படி ஒரு காலத்து உண்மையோ என்று யோசித்தேன்.

ஹீரோப்ரைன் விஷயம் வேறு. வெள்ளை விழிகளோடு தூரத்தில் நின்று பார்த்து மறையும் ஓர் உருவம். 2010-ல் ஒரு படத்தோடு கிளம்பிய கதை. அப்படி ஒருவன் விளையாட்டில் இருந்ததே இல்லை என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். அதோடு விட்டார்களா? புதுப் பதிப்புகளின் மாறுதல் பட்டியலில் "ஹீரோப்ரைன் நீக்கப்பட்டான்" என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்தார்கள். இல்லாதவனை எப்படி நீக்குவது? நம்பினவர்களுக்கு அதுவே அத்தாட்சி ஆயிற்று. நூறு இரவு காத்திருந்து காணாவிட்டாலும், நூற்றோராவது இரவு வருவான் என்பார்கள். எது நடந்தால் தோற்றதாக ஒப்புக்கொள்வோம் என்று முன்கூட்டிச் சொல்லாத நம்பிக்கையிடம் பரீட்சை செல்லாது.

ஆனாலும் சிலர் விடவில்லை. அந்தப் பழைய படத்தில் தெரியும் நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த விதை எண்ணில் பிறந்த உலகம் அது என்று பிரயாசைப்பட்டுத் தேடினார்கள். 2021 ஜனவரியில் கண்டுபிடித்தும் விட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் அந்த இடத்துக்கே போய் நிற்கலாம். அதே நிலம், அதே மூடுபனி. அங்கே ஒருவரும் இல்லை.

இல்லை என்று தெரிந்துகொண்டே போய் நிற்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டாகிறது. நானும் போய் நின்றேன். திரும்பும்போது ஒரு தடவை பின்னால் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.