ஆடியவருக்கு ஒரு வேலை: விளையாட்டு ஒதுக்கீட்டின் பலமும் பழுதும்

தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பையன் நன்றாகக் கபடி ஆடுகிறான் என்று தெரிந்தவுடன் வீட்டில் எழும் கேள்வி, ‘இதனால் வேலை கிடைக்குமா?’ என்பதுதான். காலையில் திருப்பூர் பஸ் ஏறினால் பனியன் கம்பெனியில் சிங்கர் தையல் மெஷினிலோ செக்கிங்கிலோ உட்கார்ந்துவிடலாம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பத்து வருடம் மைதானத்தில் நிற்கச் சொல்பவர்கள், அந்தக் குடும்பத்துக்கு ஒரு பதிலை வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரைநூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வரும் பதில், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ரயில்வே, மின்வாரியம், காவல்துறை, வங்கி, வருமான வரித்துறை என்று ஆட்டக்காரர்களைப் பணியில் சேர்த்துக்கொண்டு அணி நடத்தும் வழக்கம் அது. மாநில அரசுப் பணிகளில் இன்று 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது.

ஏலத்தில் கோடிகள் புரளும் லீக்குகள் வந்தபிறகு, இந்த வழக்கம் பழசாகிவிட்டது என்று சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டை ஒரு வாழ்க்கையாக மாற்றித் தந்தது இந்த வேலைதான். அது கிடைக்கும் காலத்திலும் கிடைக்கும் வழியிலும்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் பலத்தைப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து வந்தவர் கணேசன். சன் பேப்பர் மில் அணியிலும் பிறகு மின்வாரிய அணியிலும் ஆடினார். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தார். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். சாதிப் பகை கனன்றுகொண்டிருந்த தென்மாவட்டச் சூழலிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போக உடல்வலு மட்டும் போதாது. மாதச் சம்பளமும், பயிற்சிக்கு விடுப்பும், ஊருக்கு வெளியே ஓர் அடையாளமும் வேண்டும். ஒரு ஆலையும் ஒரு வாரியமும் அவற்றைக் கொடுத்தன.

ஹாக்கி இதைவிட அழுத்தமான சான்று. ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கி 2017இல் நின்றுபோனது. மறுபடி 2024 டிசம்பரில்தான் உயிர் பெற்றது. ஏலமே நடக்காத அந்த இடைவெளியில்தான் இந்தியா டோக்கியோவில், 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வென்றது. பாரிசில் மீண்டும் வெண்கலம் பெற்றது. அந்த ஆண்டுகளில் ஆட்டக்காரர்களைக் காப்பாற்றியது யார்? கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கேரளக் கல்வித்துறை ஊழியர். மன்பிரீத் சிங் பஞ்சாப் காவல்துறை அதிகாரி. மற்றவர்கள் பலர் ரயில்வேயிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் சம்பளம் வாங்கினார்கள். லீக் முதலாளிகள் கைவிட்ட ஆட்டத்தைத் துறைகள் தாங்கிப் பிடித்தன.

காயம் இன்னொரு காரணம். 2022இல் புரோ கபடி லீக் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியாமல் போயிற்று. அவர் ரயில்வே அணிக்காரர். உச்ச நட்சத்திரம் என்பதால் அடுத்த ஏலத்தில் இன்னும் கூடுதல் விலைக்கும் போனார். அதே காயம், சில லட்சங்களுக்கு எடுக்கப்பட்ட இருபது வயது ரைடருக்கு வந்திருந்தால் அடுத்த ஏலத்தில் அவன் பெயரை யார் வாசித்திருப்பார்கள்? கபடி ஆடும் பெண்களுக்கோ அந்த ஏல மேடையும் இல்லை. 2016இல் ஒரு பருவம் நடந்த மகளிர் கபடிப் போட்டி தொடரவில்லை. நன்றாக ஆடும் பெண்ணுக்கு இன்றும் துறை வேலையே கதி.

இதற்காக ஏலத்தை இழிவாகப் பேசுவது நியாயமாகாது. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய கிரிக்கெட் வீரர் நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. எந்தத் துறையும் அத்தகைய தொகையை ஒரு நெசவுத் தொழிலாளி மகனுக்குக் கொடுக்காது. அந்தப் பணமும் புகழும் அவர் ஊருக்குத் திரும்பி வந்தன. சின்னப்பம்பட்டியிலேயே அவர் ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். ஆனால் அடுத்த ஆண்டு ஏலத்தில் அவர் விலை 40 லட்சம். 2025 பருவத்துக்கு 10.75 கோடி. அத்தனை கொடுத்த டெல்லி அணி பெரும்பாலான ஆட்டங்களில் அவரைக் களத்தில் இறக்கவில்லை. உச்சத்துக்குப் போனவரின் வருமானமே இப்படி ஏறி இறங்கும்போது, மற்றவர்கள் ஏலத்தை நம்பிக் குடும்பக் கணக்குப் போட முடியாது.

மறுபுறம், வேலை தருபவரே ஆட்டக்காரரின் முழு உரிமையாளராகிவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பழைய சோவியத் ஐஸ் ஹாக்கி பாடம். மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, ராணுவத்தின் அணி. ஆட்டக்காரர்கள் ஏட்டளவில் படை அதிகாரிகள்; சம்பளம், வீடு, பதவி உண்டு. 1977 முதல் 1989 வரை தொடர்ந்து 13 முறை அந்த அணியே நாட்டின் சாம்பியன். விலை என்னவென்றால், ஆண்டில் பெரும்பகுதி பயிற்சி முகாமில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் திரெத்யாக், வீட்டில் தங்கிப் பயிற்சிக்கு வர அனுமதி கேட்டார். பயிற்சியாளர் விக்தர் திகனோவ் மறுத்தார். 1984இல் 32 வயதில் திரெத்யாக் ஓய்வு பெற்றார். 1988இல் அதே அணியின் இகோர் லரியோனோவ் இந்த அடக்குமுறையைக் கண்டித்து ‘ஒகன்யோக்’ வார இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1989இல் அவரும் சக வீரர் ஃபெத்தீசோவும் வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் டெட்ராய்ட் அணியில் இருவரும் சேர்ந்து ஸ்டான்லி கோப்பை வென்றபோது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார்கள். பாதுகாப்பு கொடுத்த கையே விலங்கும் மாட்டியது.

நம் துறைகள் அந்த அளவுக்கு யாரையும் கட்டிப்போடவில்லை. இங்குள்ள பழுதுகள் வேறு.

முதல் பழுது, வேலை காலம் கடந்து வருகிறது. உதவி தேவைப்படுவது பதினாறிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை. வேலையோ பதக்கம் வென்ற பிறகு பரிசாக வருகிறது. பதக்கத்தோடு மட்டும் கட்டிய வேலை, பதக்கம் போனால் சேர்ந்து போய்விடும். புதுக்கோட்டை சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். இடையில் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. அவர் ஓடிய ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்த உழைப்புக்கு மதிப்பளிக்க நம் முறையில் இடம் இல்லாமல் போனதுதான் குறை.

இரண்டாவது, சான்றிதழ். சர்வதேசப் போட்டிக்கு ஃபார்ம் 1, தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஃபார்ம் 3 என்று தாள்களே வேலையைத் தீர்மானிக்கின்றன. அதனால் மாநில அணியில் இடம் என்பது ஆட்டத்தைவிட வேலைக்கான நுழைவுச்சீட்டாக மாறுகிறது. தேர்வு செய்யும் சங்கத்தின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் சேர்கிறது. கபடியின் தேசியக் கூட்டமைப்பு 2018இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. சங்கங்களின் உட்பூசலுக்கு விலை கொடுப்பவர்கள் ஆட்டக்காரர்கள்.

மூன்றாவது, வேலை கிடைத்த பிறகான தேக்கம். முப்பது வயதில் ஆட்டம் ஓய்ந்ததும், தேசிய அளவில் ஆடியவர் ஏதோ ஒரு பிரிவில் கோப்பு பார்க்கும் எழுத்தராகிவிடுகிறார். மண் தரையில் கபடி பழகிய பிள்ளைக்கு மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடுவது புதிது. போனஸ் எடுப்பதையும் கேட்ச் போடுவதையும் சொல்லிக் கொடுக்க அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. அந்த அறிவு அலுவலக மேசைக்குள் பூட்டப்படுகிறது.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும். மாவட்ட அளவில் அடையாளம் காணப்பட்ட பிள்ளைக்கு, பதக்கத்துக்குக் காத்திராமல், வாரக் கூலிக்கு ஈடான உதவித்தொகை தர வேண்டும். தேர்வுப் போட்டிகளைச் சங்கத்துக்கு வெளியே உள்ள நடுவர் குழு பார்வையிட வேண்டும். அந்த ஆட்டங்களைப் படம்பிடித்துப் பொதுவில் வைக்கவும் வேண்டும். துறை வேலையில் இருப்பவர் ஓய்ந்தபின் விரும்பினால், சம்பளமும் பதவி உயர்வும் குறையாமல் சொந்த ஒன்றியத்தில் பயிற்சியாளராக மாற வழி செய்ய வேண்டும்.

இதில் திருப்பூருக்கும் பங்கு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் தொழில் இது. உலகம் உடுத்தும் விளையாட்டு உடைகளையும் தைத்து அனுப்புகிறது. ஒரு காகித ஆலை மணத்தி கணேசனை வேலைக்கு வைத்து அணி நடத்த முடிந்தது என்றால், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனம் பத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்வது பெரிய சுமையாகாது. பாதி நேரம் வேலை, பாதி நேரம் பயிற்சி, முழுச் சம்பளம், அடிபட்டால் சிகிச்சை, வேறு அணிக்குப் போக விரும்பினால் தடையில்லாமல் விடுதலை. இந்த ஐந்தையும் எழுத்தில் கொடுக்கும் நிறுவனம், சம்பளமா ஆட்டமா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வைக்காது. அரசு ஒதுக்கீட்டின் 3 சதவீதத்துக்குள் அடங்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இப்படித்தான் வழி திறக்கும்.