சேர்வராயன் எந்தப் பாடத்தில் வருவார்?

ஏற்காட்டின் பேர்பெற்ற பள்ளிக்கூடங்கள் மதத்தின் தோளில் ஏறி மலைக்கு வந்தவை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே தோட்டத் துரைகள் வந்தார்கள். அவர்கள் கும்பிட 1853இல் ஹோலி டிரினிட்டி சர்ச் எழும்பியது. 1894இல் குளூனி கன்னியர்கள் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டைத் தொடங்கினார்கள். 1917இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்ஃபோர்ட் பள்ளி வந்தது. எல்லா மதத்துப் பெற்றோரும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்து பிள்ளைகளை இங்கே விடுதியில் விட்டுப்போனார்கள், இன்னும் விடுகிறார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு 'பள்ளிக்கூடத்துக்குள் மதம் வரலாமா' என்று கேட்பது, வீட்டுக்காரரைப் பார்த்து 'உள்ளே வரலாமே' என்று அழைப்பது போல. ஏற்கெனவே உள்ளே இருக்கிற மதம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் பெரிய சிக்கல் இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் போதனை வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்கக் கூடாது. மதத்தைப் போதிப்பதும் மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு என்று 1966லேயே கோத்தாரி கல்விக் குழு பிரித்துக் காட்டியது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது: பல மதங்களைப் பற்றிய படிப்பு 28ஆவது பிரிவுக்கு விரோதமில்லை. ஆக, அனுமதி கைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

காகிதத்தில் இருக்கும் 'சம்மதம்' விடுதிப் பள்ளியில் என்ன ஆகிறது என்பது தனிக் கதை. சேர்க்கை நாளில் நீட்டிய தாள்களில் எல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு மலை இறங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்த விடுதியும் வரிசையாகக் கோயிலுக்குக் கிளம்பும்போது 'நான் வரவில்லை' என்று தனித்து நிற்க எத்தனை பத்து வயதுப் பிள்ளைகளால் முடியும்?

நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கத்தோலிக்கப் பள்ளிகளில் வெகுகாலமாக இருப்பது: வாரத்தில் ஒரு பாடவேளை, கத்தோலிக்கப் பிள்ளைகள் வேதபாடத்துக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் உட்காருவார்கள். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நம் ஜெபத்தைத் திணிக்கவில்லை, அதே சமயம் நம் பிள்ளைக்கு நம் மதத்தை மறைக்கவும் இல்லை. நன்னெறி வகுப்பில் பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி என்று கேட்டுவளர்ந்தவர்கள் அதனால் கெட்டுப்போய்விடவும் இல்லை. ஆனால் மதம் என்ற பேச்சு எடுக்கப்படும் அந்த ஒரே மணி நேரத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கணக்கையும் புவியியலையும் சேர்ந்து படித்தவர்கள், பக்கத்தில் இருப்பவன் எதை நம்புகிறான் என்பதை மட்டும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று மணியடித்துச் சொல்கிறோம்.

இதையே ஒரு நாடு முழுக்கச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு இலங்கை இருக்கிறது. அங்கே சாதாரண தரம் வரைக்கும் சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், சிங்களப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பௌத்தம். பத்து வருஷத்துக்கு மேல் சமயம் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு அடுத்த தெருவின் சமயத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது வழி, பண்டிகை கொண்டாடுவது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'எல்லா மதமும் சொல்லித்தருகிறோம்' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். கிருஷ்ண ஜெயந்திக்கு மயிலிறகு வைத்து நான்கு குட்டிக் கிருஷ்ணர்கள், டிசம்பரில் பஞ்சுத்தாடி வைத்த தாத்தா, ரம்ஜானுக்குத் தொப்பி போட்ட ஒரு பையன் மேடைக்கு வந்து 'ஈத் முபாரக்' சொல்லிவிட்டு இறங்குவான், சமத்துவப் பொங்கலுக்கு மைதானத்தில் பானை. சுவரில் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய சார்ட்: பானை, விளக்கு, பிறை, மரம். பரீட்சையில் 'பொருத்துக': ரம்ஜான் – பிறை, கிறிஸ்துமஸ் – நட்சத்திரம். நாலு கோடு போட்டால் நாலு மார்க்.

இதை முழுக்கக் கிண்டல் செய்யவும் மனம் வரவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியாத விடுதிப் பிள்ளைக்கு அந்தப் பானைப் பொங்கல் பெரிய ஆறுதல். வகுப்பில் ஒற்றை முஸ்லிமாக இருக்கிற பெண்ணுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது தன் வீட்டு விஷயம் எல்லோர் காதிலும் விழுகிறது. டிசம்பரில் ஏற்காட்டில் பனியில் வீடுதோறும் நட்சத்திர விளக்குத் தொங்கும்போது அது எதற்கு என்று தெரிந்திருப்பது நல்லதுதானே.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மேடைப் பண்டிகையில் எந்த மதத்துக்கும் சண்டை கிடையாது, சாதி கிடையாது, சந்தேகம் கிடையாது. இனிப்பு மட்டும் உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், வடத்தை யார் தொட்டு இழுப்பது என்ற தகராறில் தேர் பல வருஷம் ஓடவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், 2008 மார்ச்சில், ஒரே மாதாவைக் கும்பிட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிரைக் கொண்டுபோனது. தேரோட்டம் என்றால் ஒற்றுமை என்று ஐந்தாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கிய பையன், பிற்பாடு தன் ஊர்த் தேரில் தன்னைத் தள்ளிவிடும்போது பள்ளிக்கூடத்தை என்னவென்று நினைப்பான்? பண்டிகையைச் சொல்லிக்கொடுத்து, அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டால் அது விளம்பரம்.

பாடநூலும் ஒதுங்கித்தான் நடக்கிறது. ஆறாம் வகுப்பில் 'பன்முகத் தன்மையினை அறிவோம்' என்று ஒரு பாடம் உண்டு. ஏழாம் வகுப்பில் சமணமும் பௌத்தமும் ஆசீவகமும் வருகின்றன. ஆசீவகம் நல்ல தேர்வு. அதைப் பின்பற்றுகிறவர் யாரும் இன்று பள்ளிக்கு வந்து புகார் கொடுக்க மாட்டார். பழைய மதங்களைப் பற்றிப் பேச நமக்குப் பயம் இல்லை. இன்றைக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மதத்தைப் பற்றிப் பேசத்தான் நா எழவில்லை. மேல்நிலையில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்று ஒரு பாடமே இருக்கிறது; அதை எடுத்துப் படிப்பவர்களுக்கு மட்டும்.

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டு ஏரியைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி, ஐயாயிரம் அடிக்கு மேலே, காற்று அடிக்கும் பெரிய சமதளத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். கோயில் என்றால் குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஈரம், விளக்கு, சேர்வராயன், பக்கத்தில் காவேரியம்மன். வைகாசித் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடிகள் கூடுகிறார்கள். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ் பேசுகிற மலைமக்கள். மலைத் தொடருக்கே பெயர் கொடுத்த சாமி இவர். ஆனால் திருவிழா மே மாதம் வருகிறது, பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருக்கிறது. அதனால் சார்ட்டிலும் இடமில்லை, மேடையிலும் இடமில்லை. அரசு விடுமுறைப் பட்டியலில் 2021இல் தைப்பூசம் ஏறியது. ஏறுவதற்கு ஒரு மாநிலம் முழுக்கக் குரல் கொடுக்க ஆள் வேண்டும். ஒரு மலையின் சாமிக்கு அது ஆகாது.

பெரிய மதங்கள் என்று நாலோ ஆறோ தலைப்புப் போட்டுக்கொண்டு ஆரம்பிக்கிற பாடத்திட்டம் எதுவானாலும் இந்த இடத்தில் தடுக்கி விழும். சேர்வராயன் எந்தத் தலைப்பின் கீழ் வருவார்? படிவம் கேட்டால் பெரும்பாலான வீடுகள் இந்து என்றே எழுதும். ஜார்க்கண்டில் பழங்குடிகள், அப்படி எழுத மாட்டோம், சர்ணா என்று தனி மதமாக எழுதுவோம் என்று கேட்டார்கள்; 2020 நவம்பரில் சட்டமன்றமே அதற்குத் தீர்மானம் போட்டது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது ஆசிரியர் வேலையில்லை. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று காட்டினாலே போதும்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில், ஒரு எட்டாம் வகுப்பில், இதை எப்படி எடுக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் வந்தார்கள் என்ற கதையைப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு வருவார்கள். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அது பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று தெரியும். அடுத்து, கீழ்நாட்டு ஆறான காவேரிக்கு இந்தக் குகையில் என்ன வேலை? குகை காவேரி பிறக்கும் இடம் வரை போகிறது என்பது மலையின் நம்பிக்கை. இந்த மலையில் புறப்படும் திருமணிமுத்தாறு சேலம் வழியாக ஓடிக் காவேரியில் கலக்கிறது என்பது வரைபடத்தில் இருக்கிறது. அப்போது ஒரு பிள்ளை கை தூக்கும்: "சார், குகை நெசமாவே அங்க வரைக்கும் போகுதா?"

மொத்தக் கஷ்டமும் இந்த ஒரு கேள்வியில்தான். 'போகுது' என்றால் போதனை. 'போகாது, மூடநம்பிக்கை' என்று வெட்டிவிட்டால், அந்தப் பிள்ளை அதற்குப்பின் வீட்டுக் கதை எதையும் வகுப்புக்குக் கொண்டுவராது. "மலை அப்படிச் சொல்லுதுப்பா, மேப்ல ஆறு இப்படிப் போகுது; ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு யோசிங்க" என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். பகுத்தறிவுப் பற்று உள்ள நண்பர்கள் இந்த இடத்தில் கோபிப்பார்கள்: அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியல் சட்டம் சொன்ன கடமை, மதக் கதைக்கு எதற்குப் பாடவேளை என்று. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கிறது; எதையும் நம்பாதவர்கள் ஏன் நம்பவில்லை என்பதும் பாடத்தில் வர வேண்டும். ஆனால் பேசாமல் விட்டால் மதம் வெளியே போய்விடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் வந்தவர், உடற்குறைக்குக் காரணம் முற்பிறவி வினை என்ற பொருளில் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அவரை எதிர்த்துக் கேட்டார். வாசலில் பூட்டுப் போட்ட மதம் சன்னல் வழியாக வந்த கதை அது.

படித்தால் மதம் மாறிவிடுவார்கள் என்ற பயத்துக்கு, கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் ஒரு பதில். அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு உலக மதங்கள் கட்டாயப் பாடம். 2006இல் வந்த ஆய்வு, பிள்ளைகள் தங்கள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை, மற்றவர் உரிமையை மதிப்பது கூடியிருக்கிறது என்று கண்டது. ஆசிரியர்களைப் பயிற்றுவித்த பிறகே வகுப்புக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர் வேறு மாதிரி செய்தது: 1984இல் அவரவர் விருப்பப்படி ஏதாவது ஒரு சமயப் பாடத்தைக் கட்டாயமாக்கியது, மதப் பற்று எல்லை மீறுகிறது என்று பயந்து 1990இலிருந்து கட்டாயத்தைக் கைவிட்டது. ஒன்றில் எல்லோரும் எல்லாவற்றையும் படித்தார்கள், மற்றதில் ஆளுக்கு ஒன்று.

என் தீர்ப்பு மொடெஸ்டோ பக்கம். ஆனால் தனிப் பாடம் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். மார்க் வந்தால் பின்னாலேயே 'பொருத்துக' வந்துவிடும். சமூக அறிவியலுக்குள்ளேயே ஏழெட்டு வகுப்பு ஒதுக்கி, பள்ளிக்கூடம் நிற்கும் ஊரிலிருந்து ஆரம்பித்தால் போதும். ஏற்காட்டுக்குக் குகையும் ஹோலி டிரினிட்டி சர்ச்சும் ஊர்ப் பள்ளிவாசலும் கண்ணெதிரே இருக்கின்றன. பண்டிகையைக் கொண்டாடட்டும், அதைப் பாடம் என்று மட்டும் கணக்கில் எழுத வேண்டாம்.

ஆசிரியருக்குப் பயம் இருக்கும். சமவெளியிலிருந்து வந்து மலைப்பள்ளியில் வேலை பார்ப்பவர் வகுப்பில் ஒரு மதத்தைப் பற்றிச் சொன்ன பாதி வாக்கியம், யார் செல்போனிலாவது ஏறிச் சாயங்காலத்துக்குள் மாவட்டம் முழுக்கச் சுற்றிவிடும். அருணா ராய் தீர்ப்பைத் தூக்கிக் காட்டி அவர் தப்பிக்க முடியாது. அசோக் நகர் விவகாரத்துக்குப் பிறகு, பள்ளி நிகழ்ச்சிகளுக்கு விதிமுறை வகுக்கச் சொல்லி முதலமைச்சர் உத்தரவிட்டார். வெளியிலிருந்து வருகிறவர் என்ன பேசலாம் என்பதற்கு விதி வேண்டியதுதான். உள்ளே இருக்கும் ஆசிரியர் மதங்களைப் பற்றி எதையெல்லாம் பேசலாம், யார் புகார் கொடுத்தாலும் துறை அவர் பக்கம் நிற்கும் என்று எழுத்தில் ஒரு பக்கச் சுற்றறிக்கையும் அதோடு சேர்த்து வேண்டும். அது கையில் இல்லாத வரை, எந்த ஆசிரியரும் சார்ட்டில் உள்ள நாலு படத்தைத் தாண்டமாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.