மேல்பலகை

மரத்தில் கப்பல் மாடல் செய்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஒரு எச்சரிக்கை. அவர் வீட்டுக்குப் போய், ‘பொம்மை அழகா இருக்கு சார்’ என்று சொல்லிவிடாதீர்கள். காபி வராது.

ஒரு கப்பலுக்கு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் உட்காருகிறவர்கள் அவர்கள். எது நல்ல மாடல் என்று அவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான். அசலை அப்படியே உரித்து வைத்திருக்க வேண்டும். பீரங்கியின் எண்ணிக்கை, கயிற்றின் தடிமன், பெயின்ட்டின் நிறம், எல்லாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மாடல்காரர்களின் செல்லப்பிள்ளை, பிரிட்டனின் ஹெச்.எம்.எஸ். விக்டரி. 1805-ல் டிராஃபல்கர் போரில் நெல்சன் உயிரை விட்ட கப்பல். 104 பீரங்கிகள். இதன் கிட்டை வாங்கி, ராத்திரி பகலாக ஒட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்கள் உலகம் முழுக்க ஏராளம். போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அசல் கப்பலின் பழைய பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்தார்கள். நெல்சன் காலத்து நிறம் அந்த அடர் மஞ்சள் இல்லை, லேசான ரோஸ் சாயலில் ஒரு வெளிர் நிறம் என்று தெரிந்தது. 2015-ல் அசலுக்கே புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

போச்சா? அலமாரியில் இருந்த அத்தனை விக்டரிகளும் தப்பான கலர்! துல்லியம் மட்டும்தான் அளவுகோல் என்றால், அவ்வளவு பேர் உழைப்பும் வீண் என்றாகிறது. அது நியாயமில்லை.

வேறு எதை வைத்து எடை போடுவது? கிட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். நடுவில் பிளைவுட்டில் ஒரு முதுகெலும்பு. நம் தோணி கட்டுகிறவர்கள் ‘ஏரா’ என்பார்களே, அந்த அடிக்கட்டையின் இடத்தில் அது. அதன் குறுக்கே பத்துப் பதினைந்து பிளைவுட் தடுப்புகள். அதற்கு மேல் மெல்லிய மரப்பட்டைகளை வரிசையாக ஒட்ட வேண்டும். இது முதல் பலகை. இடைவெளி விழுந்தால் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். பிறகு, அதன் மேல் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் வால்நட் பட்டைகள். இது இரண்டாவது பலகை. முதல் பலகையின் பாவங்கள் அத்தனையும் இதற்கு அடியில் போய்விடும்.

நான் பி.காம். படித்தவன். வருஷக் கடைசியில் பாலன்ஸ் ஷீட்டை மினுக்கி, பார்க்கிறவர் கண்ணில் மண்ணைத் தூவுவதை எங்கள் பாடத்தில் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்பார்கள். இரண்டாவது பலகையைப் பார்த்தபோது எனக்கு ஆடிட்டிங் வகுப்புதான் ஞாபகம் வந்தது.

அடுத்தவரைச் சொல்வானேன்? நானே செய்தேன். ஒற்றைப் பாய்மரம் வைத்த சின்னப் படகு. மூக்குப் பக்கம் பட்டை வளைய மறுத்தது. தண்ணீரில் ஊறவைத்து, முனையைச் சீவி ஒல்லியாக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. கிடைத்த சந்தில் எல்லாம் துண்டு சொருகினேன், மக்கு அடைத்தேன். மேலே வால்நட். பாலிஷ். பார்த்தவர்கள் எல்லாரும் ‘பிரமாதம்’ என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “அங்கிள், மத்த பலகை எல்லாம் நீளமா போகுது, இங்க மட்டும் ஏன் முக்கோணமா சொருகியிருக்கு?” என்றான். இரண்டாவது பலகையிலும் அதே வேலையைச் செய்திருந்தேன் போலிருக்கிறது.

“அது டிசைன்டா” என்றேன். பொய்.

நிஜமான பதில் ரொம்ப எளிது. கப்பலுக்கு வயிற்றில் சுற்றளவு அதிகம், மூக்கில் குறைவு. அதே எண்ணிக்கைப் பலகைகள் இரண்டு இடத்தையும் மூட வேண்டும் என்றால், குடைத்துணி உச்சியில் குறுகுகிற மாதிரி, ஒவ்வொரு பலகையும் முனையில் குறுக வேண்டும். இது தெரியாமலே நான் ஒரு படகைக் கட்டி முடித்திருந்தேன். கட்ட விட்டதே கிட்! என் புகார் அதுதான்.

பிரிட்டிஷ் கடற்படைக்காக 17, 18-ம் நூற்றாண்டுகளில் செய்த மாடல்கள் லண்டன் கிரீனிச் மியூசியத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் 48-ல் ஒரு பங்கு அளவு. அவற்றில் பலவற்றுக்குக் கீழ்ப்பாதியில் பலகையே கிடையாது. விலா எலும்புகள் வரிசையாகத் தெரியும். அந்த எலும்புகளின் அடுக்கும் அசலின் நகல் இல்லை, மாடலுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பாணி. ஆனாலும் செய்தவனுக்குக் கப்பல் தெரியும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்னொரு ரகம், நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்டு இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் மாதிரி முகாம்களில் கிடந்த பிரெஞ்சுக் கைதிகள் செய்தது. சாப்பாட்டில் வந்த மாட்டெலும்பும் ஆட்டெலும்பும்தான் பலகை. அளவுகளில் தப்பு உண்டு, பல கப்பல்களில் பாய்மரம் உயரம் ஜாஸ்தி. உப்புத்தாள் போட்டு மறைக்கிற தப்பு இல்லை அது. ஞாபகத்திலிருந்து செய்யும்போது வருகிற தப்பு. அழகான கிட் கப்பலையும் இதையும் பக்கத்தில் வைத்தால், என் மார்க் இதற்குத்தான்.

விக்டரிக்கே திரும்புவோம். 1759-ல் கட்ட ஆரம்பித்தார்கள். எலும்புக்கூடு எழுந்த பிறகு வேலை நின்றுபோய், ஏறக்குறைய மூன்று வருஷம் பலகை மூடாமல் நின்றது. மரம் நன்றாகக் காய்ந்தது. இத்தனை காலம் அது தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். 2022-ல் பெரிய பழுதுபார்ப்பைத் தொடங்கியவர்கள், உளுத்த பலகைகளைக் கழற்றினார்கள். மறுபடி எலும்பு தெரிந்தது.

அதனால், அடுத்த முறை ஒரு மாடலைப் பார்த்தால், பாலிஷைப் பாராட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மூக்குப் பக்கம் குனிந்து, பலகைகள் எப்படிக் குறுகுகின்றன என்று பாருங்கள். ‘இது ஏன் இப்படி?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். செய்தவர் முகம் மலர்ந்தால், அது கப்பல். ‘டிசைன்’ என்றால், என் ஜாதி.

என் இரண்டாவது படகில் ஒரு பக்கம் இரண்டாம் பலகை ஒட்டவில்லை. ஊறவைத்து, சீவி, வளைத்த முதல் பலகை அப்படியே தெரிகிறது. இரண்டு இடத்தில் சந்து உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள், “இன்னும் முடிக்கலையா?” என்கிறார்கள்.

முடிச்சாச்சு.