பிரேக் விளக்கு எரிந்தால் எதை நம்புவது?

காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச் சாலைக்கு வரும் காரொன்றில், பிரேக்கை அழுத்தும் கணத்தில் மட்டும் டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு மினுங்கி, காலை எடுத்ததும் அணைந்து, பிறகு ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியின் முனையில் திரும்புகையில் மறுபடியும் தலைகாட்டி மறையுமானால், விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று சமாதானம் செய்துகொண்டு மேலே ஓட்டுபவர்களே நம்மில் அதிகம். என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. இவ்வளவு எளிய அமைப்பும் இவ்வளவு நம்பகமும் ஒருங்கே வாய்ந்த எச்சரிக்கைக் கருவி காரில் வேறொன்று இருப்பது அரிது. எங்கள் வீட்டுச் சிறிய ஹாட்ச்பேக்கில் அதையும், அதற்குத் துணை என்று விற்கப்படும் இரண்டு உபகரணங்களையும் ஒருசேரப் பரிசோதித்ததில் இந்த எண்ணம் பலப்பட்டது.

பானெட்டைத் திறந்தால், மாஸ்டர் சிலிண்டரின் தலைமேல் அமர்ந்திருக்கும் வெளிறிய பிளாஸ்டிக் குப்பியில், பிரேக் ஆயில் இரண்டு கோடுகளுக்கிடையே நிற்பதைக் காணலாம். அதில் மிதக்கும் சிறு மிதவையில் ஒரு காந்தம் இருக்கிறது. திரவம் தாழ்ந்தால் மிதவையும் தாழ்ந்து, காந்தம் அடியிலுள்ள சுவிட்சை இயக்க, விளக்கு எரிகிறது. மட்டம் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் நிலையில், பிரேக் போட்டால் முன்னோக்கியும் திரும்பினால் பக்கவாட்டிலும் திரவம் சரிவதால், மிதவை கணநேரம் இறங்கி மீள்கிறது. கோயிலைச் சூழ்ந்து நீள்சதுரமாக அமைந்த வீதிகளில் முனைக்கு முனை திரும்பியே ஆகவேண்டிய ஸ்ரீரங்கத்துக் காருக்கு, நேர்சாலையில் ஓடும் காரைவிட முன்னதாகவே இந்த எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது என்பதை ஒரு பாக்கியமாகவே நான் கருதுகிறேன்.

சோதனையை ஹேண்ட் பிரேக்கிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் அதன் அடியிலுள்ள சுவிட்சும் இதே விளக்கையே எரிக்கிறது. அதை முழுவதும் இறக்கிய பின் கையால் இன்னும் சற்று அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது விளக்கு அணைந்தால் குற்றம் அங்கேதான். அணையாவிட்டால் குப்பியின் கனெக்டரைக் கழற்றலாம். பெரும்பாலான சிறிய கார்களில், கழற்றியதும் விளக்கு அணைந்தால் செய்தி மிதவையிலிருந்து வருகிறதென்று கொள்ளலாம். மட்டம் சரியாக இருந்தும் இப்படியானால், மிதவையே திரவத்தை உறிஞ்சிக் கனத்து மூழ்கியிருக்கக்கூடும். எங்கள் காரில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. திரவம் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

உபகரணங்களில் முதலாவது, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி துளையில் செருகி, புளூடூத் வழியே கைபேசியில் விவரம் காட்டும் ஸ்கேனர். எஞ்சினின் வெப்பநிலையையும் புகை சம்பந்தமான பிழைக் குறிகளையும் அது அழகாகவே காட்டிற்று. பிரேக் விஷயத்தில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. மிதவைச் சுவிட்ச் பெரும்பாலும் எந்தப் பிழைக் குறியையும் பதிப்பதில்லையாதலால், பழுது எதுவுமில்லை என்று அது சொன்ன அதே வேளையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சைக் குறியை நம்பி ஒருவர் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் புறப்பட்டுவிடக் கூடும் என்பதை நினைக்கும்போது, அதன் பெட்டியின் மேல் இந்த வரம்பைத் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, திரவத்தில் நீர் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று சிறு விளக்குகளால் காட்டும் பேனா. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இயல்பாகவே ஈர்ப்பது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஊருக்குள் இந்த வேறுபாடு புலப்படாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் ஒருவருக்கோ, கேலிப்பரின் சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சை மிதித்தாற்போல் தரைவரை போய்விடக்கூடும். பேனா மின்கடத்தலை அளந்து அனுமானிப்பதேயன்றி நீரை நேரே அளப்பதில்லை. சூடேறும் சக்கரத்தருகே உள்ள திரவத்தை அது தொடுவதுமில்லை. ஆயினும் பழைய திரவத்துக்கும் புதியதற்கும் அது காட்டிய பேதம் தெளிவாக இருந்தது. வாங்கத் தகுந்ததே.

திரவம் ஏன் இறங்கிற்று என்ற பிரதானமான கேள்விக்கு இரண்டில் எதுவும் விடை தரவில்லை. திருவானைக்கோவில் பட்டறை ஒன்றில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி முன்சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், “சார், ஆயில ஊத்தினா லைட் அணைஞ்சிடும். ஆனா பேடு தேஞ்சது தேஞ்சதுதானே?” என்றார். அவர் சொன்னதே சாஸ்திரம். பேடு தேயத் தேய கேலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்பத் திரவம் கீழே செல்கிறது. ஆகவே தாழ்ந்த மட்டம் தேய்மானத்தின் அளவேயாகும். எங்கள் பேடுகளில் எஞ்சியிருந்தது இரும்புத் தகட்டை ஒட்டிய மெல்லிய படலந்தான். திரவத்தை முன்பே நிரப்பியிருந்தால், புதுப் பேடு பொருத்த பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது பொங்கி வழிந்து பெயின்டை அரித்திருக்கும். பேடு நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்பதில் ஐயமில்லை. பின்சக்கர டிரம்மிலுள்ள வீல் சிலிண்டரையும் டயரின் உட்பக்க ஈரத்தையும் அப்போதே பார்த்தாக வேண்டும்.

1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கிய காலம் முதல் பிரேக் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றியிருப்பதால், நல்ல பேடும் திரவமும் திருச்சிக் கடைகளில் கிடைப்பதில் சிரமமில்லை. சீல் உடையாத டின்னையே கேட்டு வாங்க வேண்டும். பாதி தீர்ந்து அலமாரியில் நின்ற டின்னில் ஈரம் ஏற்கெனவே புகுந்திருக்கும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூட, பழைய திரவம் வெளியேறித் தெளிந்த புதியது வரும்வரை பொறுமையாக ஏர் எடுத்தார்கள்.

சிவப்போடு மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிவது வேறு சங்கதி. ஏப்ரல் 2019 முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாதலால், இதை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. பின்சக்கரங்களுக்குப் பிரேக்கின் விசையைப் பங்கிடும் ஏற்பாடே செயலிழந்திருக்கலாம். அந்நிலையில் காரை ஓரங்கட்டி, ஏபிஎஸ் குறிகளைப் படிக்கவல்ல ஸ்கேனர் உள்ள பட்டறைக்கு இழுவை வண்டியில் அனுப்புவதே தகும்.