குதிரைத்திறன் கடைசியில் வரட்டும்

அமெரிக்க மசில் கார் என்றாலே நேர்க்கோட்டில் பாய்வதற்குப் பிறந்தது என்றொரு பேச்சு உண்டு. பச்சை விளக்கு விழுந்ததும் பின்சக்கரம் புகைய முந்திப் போவதே அதன் பெருமை, வளைவும் பிரேக்கும் ஐரோப்பியக் கார்களின் கவலை என்பார்கள். இதை ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோவை எடுத்து, வாரநாளில் கடைவீதிக்கும் வார இறுதியில் பந்தயத் தடத்துக்கும் போகும்படி மாற்றிக் கட்டுகிறார்கள். 'புரோ-டூரிங்' என்பது இந்தப் பாணியின் பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் மார்க் ஸ்டீலோ கட்டிய கமாரோக்கள்தாம் இதைப் பரவலாக அறியவைத்தன.

பழைய காரில் கைவைப்பதே தவறு என்பவர்கள் முதலில் அந்தக் காரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்-ஆம் பந்தயம் 1966இல் தொடங்கியது. எஞ்சினுக்கு 5 லிட்டர் என்ற உச்சவரம்பு இருந்தது. அதற்குள் அடங்குவதற்காக, 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் 283 எஞ்சினின் கிராங்கைப் பொருத்தி 302 கன அங்குல எஞ்சின் ஒன்றை செவர்லே உருவாக்கியது. அதைச் சுமந்த கமாரோ இசட்/28 மாடலில் 1967இல் 602 கார்கள் மட்டுமே வந்தன. ரோஜர் பென்ஸ்கியின் அணிக்காக மார்க் டோனஹ்யூ ஓட்டிய கமாரோ 1968இல் 13 பந்தயங்களில் 10ஐ வென்றது. எடையைக் குறைக்க அந்த அணி பந்தயக் காரின் உடலையே அமிலத்தில் முக்கித் தகட்டை மெலிதாக்கியது. ஆக, தடத்துக்காக அறுப்பதும் ஒட்டுவதும் இந்தக் காருக்குப் பிறந்த காலத்திலிருந்தே பழக்கம்.

திருத்த வேண்டிய குறைகளும் அதில் நிறைய இருந்தன. 1967 காரின் பின்னச்சு ஒற்றைப் பட்டை லீஃப் ஸ்பிரிங்கில் நின்றது. வேகமெடுத்தால் சக்கரம் தரையில் பிடிக்காமல் துள்ளும். அடுத்த ஆண்டே, சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங் வந்தது. ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைத்தார்கள். அடிப்படை மாடலில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். மலைப்பாதையில் நாலைந்து முறை அழுத்தி மிதித்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும்.

பெரிய குறை முன்சக்கரத்தில் இருக்கிறது. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, சுமை தாங்கும் வெளிச்சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய வேண்டும். அப்போதுதான் டயரின் முழு அகலமும் தார்ச்சாலையில் படியும். பழைய கமாரோவில் சஸ்பென்ஷனின் மேல் கை அமைந்த கோணம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. சக்கரத்தின் தலை வெளியே சரிய, டயர் தன் வெளிவிளிம்பில் நின்று தேய்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பக் கார் நேராகவே போகப் பார்க்கும். பந்தய வீரர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரில் வழங்கும் திருத்தம் இதைச் சரிசெய்கிறது. மேல் கை சட்டத்தில் சேரும் துளைகளைக் கீழே இறக்கித் துளைப்பதுதான் வேலை. செலவு சொற்பம், வெளியே கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஓட்டுபவரின் கைக்கு அது வேறு காராகிவிடும். 1970இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கமாரோவில் முன் சஸ்பென்ஷனை நிறுவனமே புதிதாக வடிவமைத்தது, முன் டிஸ்க் பிரேக்கையும் எல்லாக் கார்களுக்கும் கொடுத்தது. ஆகவே முதல் தலைமுறைக் காரில் இவற்றைத் திருத்துகிறவர், நிறுவனம் தாமதமாகச் செய்ததைத்தான் செய்கிறார்.

எஞ்சின் விஷயத்திலும் ஒரு நியாயம் உண்டு. 1997 கார்வெட்டில் அறிமுகமான அலுமினிய எல்.எஸ். வரிசை எஞ்சின்கள் எடை குறைந்தவை, காலையில் சாவியைத் திருப்பினால் அடம்பிடிக்காதவை. அவற்றில் ஒன்றான 6.2 லிட்டர் எல்.எஸ்.3, கார்வெட்டில் 430 குதிரைத்திறன் தந்தது. பழைய 302க்கு நிறுவனம் சொன்ன கணக்கு 290. அதுவும் 1972க்கு முந்தைய, துணைக்கருவிகளைக் கழற்றிவிட்டு அளக்கும் பழைய முறைப்படி. முன்பக்கத்தில் எடை குறைந்தால் கார் வளைவுக்குள் இலகுவாகத் திரும்பும்.

இந்தப் பழக்கம் தடம் மாறுவதும் இங்கேதான். பெரும்பாலோர் எஞ்சினில் தொடங்குகிறார்கள். அடுத்து 18 அங்குலச் சக்கரமும் அகல டயரும். சட்டமும் சஸ்பென்ஷனும் காசு மிஞ்சினால் பார்க்கலாம் என்று நிற்கின்றன. முதல் தலைமுறைக் கமாரோவுக்கு முழுநீளச் சட்டம் கிடையாது. முன்பாதிக்கு மட்டும் ஒரு சப்ஃபிரேம், அது ரப்பர் புஷ்களின் வழியே உடலோடு போல்ட்டால் இணைகிறது. 1969இன் டயர் தரும் பிடிமானத்துக்குப் போட்ட கணக்கு அது. இன்றைய டயரை மாட்டினால் வளைவில் பிறக்கும் விசை கூடுதல் நெருக்கடியை அந்த இணைப்புகளுக்குத் தருகிறது. உடல் முறுக்கிக்கொள்ளும், கதவு இடுக்கு மாறும், பழைய பற்றவைப்புகள் விரிசல் விடும். எஞ்சினும் தப்புவதில்லை. நீண்ட வளைவில் எண்ணெய் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் பேரிங் போய்விடும். தடுப்புத் தகடு வைத்த சம்ப் இல்லாமல் நல்ல டயர் போடுவது, எஞ்சினுக்கு நாமே வைக்கும் கண்ணி.

இரண்டாவது சிக்கல், சாலையும் தடமும் ஒரே காரிடம் எதிரெதிரானவற்றைக் கேட்பது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை. தடத்துக்கான பிரேக் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலைக்குளிரில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடினால் அதை நம்ப முடியாது. கடினமான ஸ்பிரிங் வழவழப்பான தடத்தில் சுகம், ஒட்டுப்போட்ட சாலையிலோ சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும்.

பாதுகாப்புக் கருவிகள் இதைவிட மோசமான பொறி. ரோல் கேஜின் இரும்புக் குழாய், ஹெல்மெட் போட்டவரைக் காக்கும். ஹெல்மெட் இல்லாமல் கடைக்குப் போகிறவர் பின்னாலிருந்து இடிபட்டால் அதே குழாய் அவர் மண்டைக்கு எதிரி. கேஜ் வேண்டாம், பந்தய பெல்ட் மட்டும் போதும் என்பதும் ஆபத்து. கார் உருண்டு கூரை நசுங்கும்போது, சாய்ந்து தப்ப விடாமல் அந்த பெல்ட் உடலை நிமிர்த்திப் பிடித்திருக்கும். இவற்றை முழுசாகச் செய்ய வேண்டும், அல்லது தொடவே கூடாது. பாதி வேலைதான் ஆளைக் கொல்லும்.

மூன்றாவது குறை ரசனை சார்ந்தது. எல்லாக் காரிலும் ஒரே எல்.எஸ்., ஒரே ஆறு கியர் பெட்டி, ஒரே கம்பெனி சப்ஃபிரேம் என்றால், கடைசியில் மிஞ்சும் பழமை கதவும் கூரையும் மட்டுமே. அதற்கு நவீன கமாரோவையே வாங்கிவிடலாம். அரிய கார்களும் இந்த மோகத்தில் பலியாகக் கூடாது. 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு 1969இல் வந்த இசட்.எல்.1 கமாரோ மொத்தமே 69தான். அதை அறுப்பது ஆவணத்தைக் கிழிப்பதற்குச் சமம். அதே 1969இல் விற்ற கமாரோக்களோ இரண்டு லட்சத்துக்கு மேல், ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்டவையும் அவற்றில் உண்டு. அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு எதற்கு? 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போன 'புல்லிட்' படத்து மஸ்டாங்கும், துரத்தல் காட்சிக்காக சஸ்பென்ஷன் திருத்தப்பட்ட கார்தான். மாற்றம் மதிப்பைக் கெடுப்பதில்லை, காரணமில்லாத மாற்றமே கெடுக்கிறது.

ஆகவே வேலையின் வரிசையை வைத்தே இந்தப் பழக்கத்தை எடைபோடலாம். முதலில் பிரேக், பிறகு முன் சஸ்பென்ஷனின் கோணம், முன் சப்ஃபிரேமையும் உடலின் பின்பாதியையும் இணைக்கும் கம்பிகள், எண்ணெயும் குளிர்ச்சியும், அவற்றுக்கு ஏற்ற டயர். இவ்வளவும் முடிந்த கார் பழைய எஞ்சினிலேயே தடத்தில் ஓட்டுநருக்கு வேலை வைக்கும். அதற்கு மேலும் அவர் சக்தி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். கேட்காமலே திருப்தியாக இருந்தால், எஞ்சினுக்கென்று ஒதுக்கிய பணம் அடுத்த சில ஆண்டுகளின் டயருக்கும் பெட்ரோலுக்கும் ஆகும்.