மீண்ட நோயும் மீளும் முடிவுகளும்: ஆட்ரி லார்டின் ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ நாட்குறிப்பில் சிகிச்சைத் தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

மார்பகப் புற்றுநோய் குறித்த பெண்ணெழுத்தைப் பேசும்போது அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ தவறாமல் குறிக்கப்படுகிறது. நோய் கல்லீரலுக்குப் பரவியபின் அவர் எழுதிய ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ அவ்வளவு நெருக்கமாக வாசிக்கப்படுவதில்லை. வாசிக்கப்படும் இடங்களிலும் அது மருத்துவத்தை மறுத்த ஒருவரின் வீரக்கதையாகச் சுருக்கப்படுகிறது. அந்நாட்குறிப்பில் சிகிச்சைத் தெரிவு என்பது ஒருமுறை நிகழ்ந்து முடியும் செயலன்று. பக்கவிளைவையும் எஞ்சியிருக்கும் வேலை நாட்களையும் எதிரெதிரே வைத்துத் திரும்பத் திரும்பப் போடப்படும் கணக்கு என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்ரி லார்ட், நாட்குறிப்பு, நோய் எழுத்து, மீண்ட புற்றுநோய், பக்கவிளைவு, சிகிச்சைத் தெரிவு.

இரு நூல்கள், இரு காலங்கள்

1978 செப்டம்பரில் லார்டுக்கு மார்பகப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டு வலது மார்பகம் அகற்றப்பட்டது. 1980இல் வெளியான ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ அவ்வனுபவத்திலிருந்து பிறந்தது. அந்நூலில் நாட்குறிப்புப் பகுதிகள் கட்டுரைகளுக்குள் பதிக்கப்பட்டுள்ளன. நாட்குறிப்பின் பதற்றத்தைக் கட்டுரையின் குரல் பின்னர் வந்து விளக்குகிறது. செயற்கை மார்பகத்தை அணிய மறுத்த நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. அதை அணியாமல் மருத்துவரின் அலுவலகத்திற்கு வந்த லார்டை, அங்குள்ள செவிலி பிற நோயாளிகளின் மனநிலையைக் காரணம் காட்டிக் கடிந்துகொள்கிறார். இக்காட்சி ஒரு வாதத்தின் தொடக்கமாகிறது. வாதம் வளர்ந்து நிறைவும் பெறுகிறது. முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, எழுத்து அதைக் காத்து நிற்கிறது.

1984 பிப்ரவரியில் லார்ட் தம் ஐம்பதாம் பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பதாக மருத்துவர் தெரிவித்தார். ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ தொகுப்பின் பெரும்பகுதியாக அமைந்த நீண்ட நாட்குறிப்பு இப்புள்ளியிலிருந்து விரிகிறது. 1988இல் நூலாக வந்த இதில் கட்டுரையின் குரல் மிகக் குறைவு. தேதியும் ஊர்ப்பெயரும் இட்ட பதிவுகளே மிகுதி. ஒரு பதிவில் தெளிந்தது அடுத்த பதிவில் கலங்குகிறது. இவ்வடிவ மாற்றத்தைத் திறனாய்வு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்றே சொல்லவேண்டும். முதல்முறை வரும் நோயைப் பற்றிய எழுத்துக்கு அறுவை சிகிச்சை ஒரு முடிச்சாகவும் உடல் தேறுதல் ஒரு முடிவாகவும் அமைய இயலும். உறுப்பு விட்டு உறுப்புப் பரவிய நோயில் குணமாதல் என்னும் முடிவு இல்லை. ஒரு சிகிச்சை பயனற்றுப்போனால் மற்றொன்று, அதன் பக்கவிளைவு தாங்கமுடியாததாயின் வேறொன்று என்று முடிவுகள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். கட்டுரை வடிவம் இதற்கு ஈடுகொடுக்காது; நாட்குறிப்பு கொடுக்கும்.

திசு ஆய்வை மறுத்தல்

லார்ட் எடுத்த முதல் முடிவு, கல்லீரலில் திசு ஆய்வு செய்துகொள்வதில்லை என்பது. உடனே உடன்படாவிட்டால் கொடிய சாவு வரும் என்ற தொனியில் மருத்துவர் பேசியதை அவர் பதிந்துள்ளார். அவர் உடன்படவில்லை, கல்லீரலைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்குகிறார். முடிவைக் கூறும் பதிவில் கொள்கை முழக்கம் எதுவும் இல்லை என்பது கருதத்தக்கது. பித்தப்பைத் தொல்லை தவிர வேறு அறிகுறி இல்லை, செய்யவேண்டிய வேலைகள் ஏராளம் என்னும் இரண்டே காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. அப்பித்தப்பையைச் சமாதானப்படுத்திவிடக்கூடிய சிடுசிடுப்பான ஒரு பெண்ணைப்போல அவர் குறிப்பிடுவது, இந்நூலில் அரிதாகத் தென்படும் நகைச்சுவைகளுள் ஒன்று.

இம்மறுப்பைப் புரிந்துகொள்ள அக்கால மருத்துவச் சூழலையும் நோக்கவேண்டும். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 1984இல் கீமோதெரபி கிடைத்தது. சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயுராசில் ஆகிய மூன்றின் கூட்டும், டாக்சோரூபிசின் சேர்ந்த கூட்டுகளும் வழக்கில் இருந்தன. ஆனால் அவை உண்டாக்கும் கடும் வாந்தியை அடக்குவதில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த ஆன்டன்செட்ரான் 1991இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றைய வாசகர் தம் காலத்துக் கீமோதெரபியை மனத்திற் கொண்டு லார்டின் அச்சத்தை மிகையென்று கருதிவிடக்கூடும். அன்று ஒரு நோயாளிக்கு முன்னிருந்த கேள்வி கடுமையானது: கிடைக்கக்கூடிய சில மாதங்களுக்காக, அம்மாதங்களையே படுக்கையில் கழிக்கச் சம்மதமா? லார்டைப் போல எழுத்தும் கற்பித்தலும் பயணமுமாக வாழ்ந்தவருக்குப் பக்கவிளைவு என்பது உடல் துன்பம் மட்டுமன்று. வேலையின் இழப்பும் ஆகும்.

அவ்வாண்டே பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்திற்கு வருகைதரு பேராசிரியராகச் சென்ற அவர், அங்கு இஸ்கடோர் ஊசியைத் தொடங்குகிறார். இது புல்லுருவியின் சாற்றிலிருந்து செய்யப்படுவது. ருடால்ஃப் ஸ்டைனரின் மானுடஞானக் கோட்பாட்டைப் பின்பற்றும் மருத்துவர்கள் பயன்படுத்துவது. தமிழில் ‘புல்லுருவி’ வசைச்சொல்லாகவும் வழங்குவதால், இந்நூலைத் தமிழில் பெயர்ப்பவர் அம்மருந்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் வேண்டாத ஒரு முரண்சுவை வந்து ஒட்டிக்கொள்ளும். ஊசியோடு கூடவே வகுப்புகளும் தொடர்கின்றன. ஆப்பிரிக்க ஜெர்மானியப் பெண்கள் தம்மை ஒரு சமூகமாக இனங்கண்டுகொள்ள லார்ட் அங்குத் தூண்டுகோலாக இருந்தார். 1986இல் வெளிவந்த ‘ஃபார்பே பெக்கென்னன்’ தொகைநூல் அவ்வூக்கத்தின் விளைவு. வேலைக்கு இடம்விடும் சிகிச்சையையே அவர் தேடினார் என்பதற்கு அவருடைய பெர்லின் நாட்களே சான்று.

ஆர்லெஸ்ஹைம்: அறியாமையைக் கைவிடுதல்

1985 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ஆர்லெஸ்ஹைம் நகரிலுள்ள லூக்காஸ் மருத்துவமனைக்கு லார்ட் செல்கிறார். நாட்குறிப்பின் மிகக் கனமான பகுதி இதுவே. ஊசி, இசைவியக்கப் பயிற்சி, ஓவியம் என்று நாள்முறை வகுக்கப்பட்ட அவ்விடத்தில், கல்லீரலில் இருப்பது புற்றுநோயே என்பது ஐயத்திற்கிடமின்றி உறுதியாகிறது. அதுவரை நோய்முடிபை முழுமையாக ஏற்காதிருந்தது அவருக்கு ஒரு கருவியாகப் பயன்பட்டது. இனி அது பயன்படாது. 1984இல் அறிய மறுத்ததையும் 1985இல் அறிந்துகொண்டதையும் முரணாகக் காண்போர் உண்டு. ஆனால் அறியாதிருத்தல் வேலை செய்யத் துணைநின்றவரை அதைக் காத்து, துணைநில்லாதபோது விட்டுவிடுவதே இந்நாட்குறிப்பின் போக்கு. தம் முந்தைய முடிவு பிழையென்று அவர் வருந்துவதும் இல்லை. அது சரியென்று வாதாடுவதும் இல்லை. ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ ஆசிரியரிடமிருந்து இது பெரிய விலகல்.

போர் உருவகம்

1975இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட சூசன் சொன்டாக், முழு மார்பக அகற்றலையும் நீண்டகாலக் கீமோதெரபியையும் ஏற்றவர். 1978இல் வந்த அவருடைய ‘இல்னஸ் அஸ் மெட்டஃபர்’ அவரது நோயைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், நோயைச் சூழ்ந்த உருவகங்களை, குறிப்பாகப் போர் உருவகத்தைக் கண்டிக்கிறது. லார்டோ தம் உடலை முன்வைத்து எழுதுகிறார். தம்மைப் போர்வீரராகவே காண்கிறார். இருவரையும் எதிர்நிலையில் நிறுத்துவது எளிது. ஆனால் நோயாளியின் மனப்பாங்கே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தை இருவருமே சாடுகின்றனர். மேலும் லார்டின் போர், சொன்டாக் கண்டித்த போரன்று. சொன்டாக் குறிப்பது மருத்துவமனை நோயின்மீது தொடுப்பதும், அதில் நோயாளியின் உடல் களமாவதுமான போர். லார்டிடம் நோயாளி தானே போரிடுபவர். எங்குப் பின்வாங்குவது என்று முடிவெடுப்பவரும் அவரே. நிறவெறிக்கு எதிரான தென்னாப்பிரிக்கப் போராட்டத்தோடு தம் நோயை இணைத்துப் பேசும் பகுதிகளையும் இவ்வாறே கொள்ளவேண்டும். அவ்விணைப்பு எல்லா இடங்களிலும் பொருந்திவிடுவதாகச் சொல்லவியலாது. சில பதிவுகளில் கல்லீரல் பின்னுக்குச் சென்று முழக்கம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

வாசிப்பின் இடர்

நோய்முடிபுக்குப்பின் லார்ட் எட்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1992 நவம்பர் 17இல் செயின்ட் குரோய் தீவில் மறைந்தார். இக்கால அளவைப் புல்லுருவி மருந்தின் வெற்றியாகக் காட்டுவது பெரும் தவறு. கல்லீரலுக்குப் பரவிய நோயின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவரின் வாழ்நாளைக் கொண்டு ஒரு மருந்தை நிறுவ இயலாது. அம்மருந்து புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டும் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. நாட்குறிப்பும் அப்படியொரு உரிமையைக் கோரவில்லை. பிறர் இதைச் செய்யவேண்டும் என்னாமல், தாம் ஏன் இதைச் செய்தார் என்று மட்டுமே அது கூறுகிறது. பெர்லினுக்கும் ஆர்லெஸ்ஹைமுக்கும் சென்றுவரும் வாய்ப்பு எத்தனை பெண்களுக்கு உண்டு என்னும் கேள்வியும் இங்கு எழுகிறது. தெரிவு செய்யும் உரிமையைப் பேசும் திறனாய்வு, தெரிவுக்கு ஆகும் செலவைப் பேசாது விடுதல் முறையன்று.

நூலின் பின்னுரையில் தற்பேணல் பற்றி வரும் ஒரு தொடர் இன்று சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சாகி ஓய்வுக்கும் ஒப்பனைக்குமான விளம்பர வாசகமாகிவிட்டது. அதைப் பக்கத்திலிருந்து பெயர்த்தெடுத்தவர்கள் அதற்கு முன்னுள்ள பதிவுகளை விட்டுவிட்டனர். அப்பதிவுகளில் இருப்பவை ஊசியும் வலியும், எழுதக் கிடைத்த நேரத்தின் கணக்கும்தான்.

இந்நாட்குறிப்பு அச்சுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பகுதியே என்பதையும் மறத்தலாகாது. 1988இல் வெளியான நூலில் அவருடைய இறுதி நான்காண்டுகள் இடம்பெற வழியில்லை. அக்காலத்தில் கணக்கு எவ்வாறு மாறியது என்பதை, மறைவுக்குப்பின் 1993இல் வந்த கவிதைத் தொகுப்பையும் ஸ்பெல்மன் கல்லூரியில் பாதுகாக்கப்படும் அவருடைய கையெழுத்துப் படிகளையும் கொண்டுதான் தேடவேண்டியிருக்கிறது.