கண்டதும் கற்றதும்: ஷென் தூவின் கிலின் புகழுரை

இடைக்கால அரசுகள் தம்முள் பரிமாறிக்கொண்ட அரிய விலங்குகள் பெரும்பாலும் வரலாற்றுச் செய்திகளாகவே தொகுக்கப்பெறுகின்றன. அவற்றுக்குப் பொருள் கற்பித்த இலக்கியங்களையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். வங்காள சுல்தான் சைஃபுத்தீன் 1414ஆம் ஆண்டில் சீனத்தின் மிங் பேரரசர் யோங்லேவுக்கு ஒட்டகச்சிவிங்கி ஒன்றை அனுப்பினார். அதனைக் குறித்து அரசவை எழுத்துக்கலைஞர் ஷென் தூ இயற்றிய புகழுரை இங்கு ஆராயப்பெறுகிறது.

அறவழி நிற்கும் அரசன் ஆளுங்காலத்தே கிலின் எனும் தெய்வ விலங்கு தோன்றும் என்பது சீன மரபு. வந்த விலங்கு கிலினே என்கிறது புகழுரை. அதன் உயரம் பதினைந்து அடி என்னும் குறிப்பு கண்டறிந்தது. மான் உடலும் எருதின் வாலும் எலும்பற்ற தசைக்கொம்பும் நூல்வழி வந்தவை. ஒட்டகச்சிவிங்கியின் கொம்புகளோ தோல் போர்த்த எலும்புகள். ஆக, புலவர் தம்முன் நின்ற விலங்கையும் தாம் கற்ற விலங்கையும் ஓருருவாக்குகிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வங்காளம் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் பரிசாகிய அதன் வழிப்பயணம் இவ்வுருவில் மறைகிறது. சுல்தானின் கொடை வானத்தின் கொடையாகிறது.

இம்மாற்றத்திற்கு அரசியல் தேவை இருந்தது. யோங்லே தம் அண்ணன் மகனை வீழ்த்தி 1402இல் அரியணை ஏறியவர். அவருடைய ஆட்சிக்கு நற்சகுனம் ஒரு சான்றாயிற்று. அமைச்சர்கள் அளிக்க முனைந்த வாழ்த்துமடலைப் பேரரசர் மறுத்ததாக அரசவைக் குறிப்புகள் கூறும். மறுத்தலும் அடக்கமுடைமை என்னும் புகழாகவே நின்றது.

எனினும் அக்காலச் சீன எழுத்து அனைத்தும் இவ்வாறு அமைந்ததன்று. கடற்படைத் தலைவர் செங் ஹே 1431இல் சாங்லேயில் நாட்டிய கல்வெட்டு, ஏடன் நாடு அளித்த கிலினைக் குறிப்பிடுங்கால், அதன் அயற்பெயர் ‘சுலாஃபா’ என்பதையும் உடன் பொறித்துள்ளது. இது ‘சராஃபா’ என்னும் அரபுச்சொல்லின் ஒலிபெயர்ப்பு. அவைப்புலவர் விட்ட பெயரைக் கடலோடி காத்தார்.

புகழிலக்கியத்தைப் பொய்யெனத் தள்ளுதலும் மெய்யென ஏற்றலும் ஒருங்கே பிழையாகும். கண்டதும் கற்றதும் பிரியும் இடத்தைக் காண்பதே திறனாய்வாளர் கடன். மெய்க்கீர்த்திகளைப் பயில்வார்க்கும் இது பொருந்தும் எனலாம்.